நிறுத்தாதே என்னும் உபதேசம்

ஹார்ட் டிஸ்க்கைப் பற்றிப் பேச்சு எழுந்து, அது மின்சாரச் சிக்கனத்தின் பக்கம் சற்றே திரும்பியதும், கணினித் துறையில் நெடுநாள் பழகியவர்கள்கூட, ஆகம விதியை ஓதும் தொனியில் ஒரே வாக்கியத்தைச் சொல்லி விவாதத்தை முடித்துவிடுவது வழக்கமாகிவிட்டது: “வட்டு பாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்கட்டும், நிறுத்தி நிறுத்தி ஓட்டினால் ஆயுசு குறைந்துபோகும்.” கணினி பழுதுபார்க்கும் கடைக்காரர் இதைச் சொல்கிறார், சர்வர் அறைக்குப் பொறுப்பானவர் சொல்கிறார், வீட்டில் நாஸ் என்னும் வலையமைப்புச் சேமிப்புப் பெட்டி ஒன்றை வாங்கி வைத்துக்கொண்டு குடும்பப் புகைப்படங்களை அதில் சேமிப்பவர், முதல் நாளே அதன் அமைப்புப் பக்கத்துக்குப் போய், வட்டை நிறுத்தும் வசதியை அணைத்துவிட்டுத்தான் மறு வேலை பார்க்கிறார். இத்தனை பேர் இத்தனை உறுதியோடு சொல்லும் ஓர் அபிப்பிராயம் முழுப் பொய்யாக இருந்துவிட முடியாது என்பதை நானும் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அதில் இருக்கும் மெய், அவர்கள் நினைக்கும் இடத்தில் இல்லை. நிறுத்துவதால் வரும் கேட்டை வட்டின் பிறவிக் குணம் என்று அவர்கள் கருதுகிறார்கள். அதுவோ, வட்டை ஆளவேண்டிய டிரைவர் நிரல் தன் கடமையைக் கண்டவரிடமெல்லாம் விட்டுவைத்ததால் விளைந்தது என்பதே என் கட்சி.

எதிர்க்கட்சியை அதற்குரிய வலிமையோடு எடுத்துரைத்த பின்னரே மறுக்கப் புகுவது நம் தர்க்க மரபு. சிவஞான சித்தியாரில் பரபக்கம் முன்னும் சுபக்கம் பின்னுமாக நிற்பது அந்த மரபின்படிதான். ஆகவே நிறுத்தாதே என்பாரின் வாதத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். ஹார்ட் டிஸ்க்கின் உள்ளே அலுமினியத்தாலோ கண்ணாடியாலோ ஆன தட்டுகள் நிமிஷத்துக்கு 5,400 அல்லது 7,200 முறை சுழல்கின்றன. எழுதிப் படிக்கும் ஹெட், அந்தச் சுழற்சி எழுப்பும் காற்றோட்டம் தாங்க, தட்டைத் தொடாமல் சில நானோமீட்டர் உயரத்தில் மிதக்கிறது. சுழற்சி நின்றால் மிதப்பும் இல்லை. பழைய வட்டுகளில் ஹெட், அதற்கென்று தட்டில் ஒதுக்கிய வளையத்தில் உராய்ந்து இறங்கும். மீண்டும் சுழலத் தொடங்கும்போது உராய்ந்துகொண்டே எழும். பின்வந்த வட்டுகளில் அது தட்டைவிட்டு வெளியே வந்து, ஓரத்தில் இருக்கும் ராம்ப் என்னும் சிறு சரிவில் ஏறி அமர்கிறது. எந்த முறையானாலும் ஒவ்வொரு ஏற்றமும் இறக்கமும் ஒரு சிறு தேய்மானம். தவிர, நின்ற மோட்டாரைக் கிளப்பும் சில வினாடிகளில் 12 வோல்ட் கம்பியில் 2 ஆம்பியர் வரையில் மின்னோட்டம் பாய்கிறது. சும்மா சுழலும் மேஜைக் கணினி வட்டு தின்னும் 5 வாட்டோடு ஒப்பிட்டால், வாட் கணக்கில் இது நான்கைந்து மடங்கு. சூடும் குளிர்ச்சியும் மாறி மாறி வருவதால் உலோகம் விரிந்து சுருங்குகிறது. இவ்வளவு பாதகத்துக்கும் ஈடாகக் கிடைக்கும் லாபம் வட்டொன்றுக்கு 4 வாட். இந்தச் சில்லறைக்காக, உள்ளே இருக்கும் தரவைப் பணயம் வைப்பானேன் என்று அவர்கள் கேட்கிறார்கள். கேட்பதற்கு நியாயமாகவே இருக்கிறது.

இந்த வாதத்தின் முதற் குறை, தேய்மானம் உண்டு என்று சொல்லிவிட்டு, எவ்வளவு என்று கேளாமல் விட்டதுதான். வட்டைச் செய்பவர்கள் அதைக் கேளாமல் விடவில்லை. உராய்ந்து இறங்கும் வகை மேஜைக் கணினி வட்டுகளை 50,000 முறை நிறுத்தித் தொடங்கலாம் என்று அவர்களே வரையறை தந்தார்கள். ராம்பில் ஏறும் வகைக்கு 3,00,000 ஏற்ற இறக்கம் என்றும், மடிக்கணினிக்கென்று செய்த சில வட்டுகளுக்கு 6,00,000 என்றும் எழுதித் தந்தார்கள். ஒரு வட்டு ஐந்தாண்டு உழைக்கவேண்டும் என்று கொண்டால், 50,000 என்பது நாளொன்றுக்கு 27 முறை. அதாவது இரவும் பகலும் ஏறக்குறைய மணிக்கொரு தரம். நாளைக்கு ஐந்து முறை மட்டும் நின்று தொடங்கும் வீட்டு வட்டு அந்த எல்லையைத் தொடவேண்டுமானால் 27 ஆண்டு காத்திருக்கவேண்டும். அதற்குள் அந்த வட்டைச் செருகும் சாக்கெட்டே உலகத்தில் இராது.

வரையறை வேறு, அனுபவம் வேறு என்று ஒருவர் ஆட்சேபிக்கலாம். அனுபவத்தையும் பார்த்துவிடுவோம். கூகிள் நிறுவனத்தில் பணியாற்றிய பின்யேரோ, வெபர், பரோஸோ ஆகிய மூவரும், ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வட்டுகளைத் தொடர்ந்து கவனித்து, 2007-இல் ஒரு மாநாட்டில் கட்டுரை வாசித்தார்கள். மின்சாரம் போட்டு அணைத்த எண்ணிக்கைக்கும் வட்டு கெட்டுப்போவதற்கும் உள்ள உறவு அதில் ஆராயப்பட்டிருக்கிறது. இரண்டாண்டு வரையிலான வட்டுகளில் அப்படி ஓர் உறவே பொருட்படுத்தத்தக்க அளவில் தென்படவில்லை. மூன்றாண்டும் அதற்கு மேலும் ஆனவற்றில் மட்டும், அதிகமுறை அணைத்துப் போடப்பட்டவை இரண்டு சதவீதப் புள்ளிக்குச் சற்றே கூடுதலாகக் கெட்டுப்போயின. அதற்குக்கூட அந்த ஆசிரியர்கள், அடிக்கடி பழுதாகும் கணினிகளைச் சரிசெய்யும் முயற்சியிலேயே அவை பலமுறை அணைக்கப்பட்டிருக்கலாம், ஆகவே அணைத்தது காரணமாக இல்லாமல் காரியமாகவே இருக்கக்கூடும் என்று எச்சரிக்கையோடு எழுதினார்கள். நம் உபதேசகர்களோ காரியத்தைக் காரணமாக்கிக்கொண்டு, அதன்மேல் ஒரு சித்தாந்தத்தையே கட்டிவிட்டார்கள்.

அப்படியானால் இந்த அச்சம் எங்கிருந்துதான் வந்தது? அதற்கு ஒரு சரித்திரம் உண்டு. 2007-ஆம் ஆண்டில் உபுண்டு லினக்ஸைப் பயன்படுத்திய மடிக்கணினிக்காரர்கள், வட்டு தன் நிலையைத் தானே குறித்துவைக்கும் ஸ்மார்ட் கணக்கில் 193-ஆம் இலக்கத்தைப் படித்துவிட்டுத் திடுக்கிட்டார்கள். ஹெட் எத்தனை முறை ராம்பில் ஏறி இறங்கியது என்பதைக் காட்டும் அந்த எண், நிமிஷத்துக்கு நிமிஷம் கண்முன்னே ஏறிக்கொண்டிருந்தது. உபுண்டுவின் குறைப்பதிவேட்டில் 59695 என்ற எண்ணில் பதிவான இந்த விவகாரம் எங்கும் பரவிப் பெரும் பரபரப்பாயிற்று. நிமிஷத்துக்கு இரண்டு ஏற்றம் என்றால் நாளைக்கு 2,880. மூன்று லட்சம் என்னும் எல்லை 104 நாளில் தீர்ந்துபோகும். ஐந்தாண்டுக்கென்று வாங்கிய பொருள் நான்கு மாதத்தில் ஆயுசு முடிந்து நிற்கும் என்று கணக்குச் சொன்னால் யார்தான் அஞ்சமாட்டார்? ‘பசுமை’ என்ற பெயரோடு வந்த மேஜைக் கணினி வட்டுகள் சிலவற்றிலும் இதே கூத்து நடந்தது. எட்டு வினாடி சும்மா இருந்தால் ஹெட்டை ஒதுக்கிவிடும்படி அவற்றின் ஃபர்ம்வேரிலேயே எழுதியிருந்தார்கள்.

எட்டு வினாடி என்பதன் விபரீதம் விளங்கவேண்டுமானால், மறுபக்கத்தில் லினக்ஸ் இயக்க முறைமையின் கருவான கர்னல் என்ன செய்துகொண்டிருந்தது என்று பார்க்கவேண்டும். நினைவகத்தில் எழுதப்பட்டு இன்னும் வட்டுக்குப் போகாத பக்கங்களை வெளியே தள்ளும் வேலையாள் 5 வினாடிக்கொரு முறை விழித்துப் பார்க்கிறான். 30 வினாடி பழையதாகிவிட்ட பக்கத்தை அவன் வட்டுக்கு அனுப்பிவிடுவான். எக்ஸ்ட்3 கோப்பு முறைமை தன் குறிப்பேட்டை 5 வினாடிக்கொரு முறை வட்டில் பதிக்கும். போதாததற்கு, ஒரு கோப்பைப் படித்தாலே, படித்த நேரத்தை அந்தக் கோப்பின் பதிவில் எழுதிவைக்கும் பழைய யூனிக்ஸ் சம்பிரதாயம் ஒன்று உண்டு. படிப்பதெல்லாம் எழுதுவதாக மாறும் இந்த அநாவசியத்தை, 2009-இல் வந்த 2.6.30 பதிப்பில்தான் கர்னல் இயல்பு நிலையிலேயே பெருமளவு குறைத்தது. இவ்வளவையும் அறியாத வட்டு, எட்டு வினாடி ஒரு சத்தமும் இல்லையே என்று ஹெட்டை ராம்பில் ஏற்றுகிறது; வட்டு இப்படிச் செய்ததை அறியாத கர்னல், அடுத்த கணமே ஒரு சிறு பக்கத்தை எழுத அனுப்புகிறது. இரண்டும் தத்தம் விதிப்படி பிசகில்லாமல்தான் நடந்தன. இரண்டின் விதியையும் ஒருசேர அறிந்து இணக்கவேண்டிய இடத்தில் இருந்த டிரைவர், அது என் வேலையில்லை என்று சும்மா இருந்தது. நொந்துபோனவர்கள் ஒரு கட்டளையால் மின்சிக்கனப் படியை 254-க்கு உயர்த்தி, ஹெட் ஒதுங்குவதை அறவே நிறுத்தினார்கள். அன்றைக்கு அது செய்யத்தக்கதே. ஆனால் அவசரத்துக்குச் செய்த அந்தச் சிகிச்சையை நிரந்தரப் பத்தியமாக்கி, நோய் இல்லாதவருக்கும் விதிப்பதைத்தான் நான் ஆட்சேபிக்கிறேன்.

இவ்விடத்தில் எதிர்க்கட்சியார் வேறொரு அரணுக்குள் புகுவதுண்டு. “நிறுத்தத்தான் வேண்டுமென்றால் அதை வட்டே பார்த்துக்கொள்ளட்டுமே, தன் மோட்டாரும் ஹெட்டும் தனக்குத் தெரியாதா? ஏ.டி.ஏ. கட்டளைத் தொகுதியில் ஸ்டாண்ட்பை டைமர் என்று ஒன்றை வைத்திருப்பது எதற்காக?” என்பார்கள். அந்த டைமரின் லட்சணத்தைப் பார்த்தாலே போதும். 1 முதல் 240 வரை எண் கொடுத்தால் ஒவ்வொன்றும் 5 வினாடி. ஆக 20 நிமிஷம் வரை. 241-இலிருந்து 251 வரை ஒவ்வொன்றும் அரை மணி. 252 என்றால் 21 நிமிஷம். ஏன் 21 என்று கேட்கக்கூடாது. எண்ணின் விசித்திரம் போகட்டும். அடிப்படைக் குறை வேறு. வட்டுக்குத் தெரிவதெல்லாம் கடைசிக் கட்டளை வந்து எவ்வளவு நேரம் ஆயிற்று என்பது ஒன்றே. எழுதப்படாத பக்கங்கள் நினைவகத்தில் எத்தனை நிற்கின்றன, மடிக்கணினி பேட்டரியில் ஓடுகிறதா சுவர் மின்சாரத்தில் ஓடுகிறதா, இன்னும் அரை நிமிஷத்தில் நகல் எடுக்கும் நிரல் தொடங்க இருக்கிறதா, பயனர் கணினியையே மூடப்போகிறாரா என்பவற்றில் ஒன்றையும் அது அறியாது, அறியவும் வழியில்லை. கடந்த காலம் மட்டுமே தெரிந்த ஒன்றிடம் எதிர்காலத்தைப் பற்றிய தீர்மானத்தை ஒப்படைத்ததன் பலனைத்தான் மேலே கண்டோம். யு.எஸ்.பி. பெட்டிகளில் இது இன்னும் மோசம். பெட்டிக்குள் இருக்கும் பாலச் சில்லு தன்னிச்சையாக வட்டை நிறுத்திவிடும், கணினிக்குச் சொல்லாது. அடுத்த கட்டளை வந்ததும், தயாரில்லை, முதலில் கிளப்பும் கட்டளையைக் கொடு என்று பதில் வரும். இதை எதிர்பாராத டிரைவர், படிக்க முடியவில்லை என்று மேலே பிழை அனுப்பும். கோப்பு முறைமை பயந்துபோய்த் தன்னை வாசிப்புக்கு மட்டும் என்று பூட்டிக்கொள்ளும். வட்டிலே ஒரு பழுதும் இல்லை. உரியவரோ, வட்டு போயிற்று, நிறுத்தியதால்தான் போயிற்று என்று ஊரெல்லாம் சொல்வார்.

எப்போது நிறுத்துவது என்ற கேள்விக்கு விடை இல்லாமலும் இல்லை. வாடகை சைக்கிளில் போய்வருபவன், தான் இதுவரை கொடுத்த வாடகை ஒரு புது சைக்கிளின் விலையை எட்டிய அன்றைக்குச் சொந்தமாக ஒன்றை வாங்கிவிட்டால், வருங்காலத்தைப் பற்றி ஏதும் அறியாதவனாயினும், எல்லாம் அறிந்தவன் செய்திருக்கக்கூடிய செலவைப்போல் இரு மடங்குக்கு மேல் அவனுக்கு ஒருபோதும் ஆகாது என்பது கணித முறையில் நிறுவப்பட்ட முடிவு. வட்டுக்கும் அதே கணக்குத்தான். சும்மா சுழல்வது வாடகை, மறுபடி கிளப்புவது விலை. கிளப்புவதற்கு 10 வினாடி, சராசரி 20 வாட் என்று வைத்துக்கொண்டால் 200 ஜூல். நின்றிருப்பதால் மிச்சமாவது வினாடிக்கு 4 ஜூல். ஆகவே 50 வினாடி சும்மா கழிந்த பின் நிறுத்துவது மின்கணக்குக்குச் சரி. மடிக்கணினியின் சிறு வட்டுக்கு இந்த எல்லை இன்னும் குறுகும். 1994-இன் யூசெனிக்ஸ் மாநாட்டில் இதே பொருளைப் பற்றி இரண்டு குழுவினர் கட்டுரை படித்தார்கள். அவற்றுள் பெர்க்லியிலிருந்து வந்தது, தயாரிப்பாளர்கள் சொன்ன மூன்று முதல் ஐந்து நிமிஷக் காத்திருப்பு மின்சக்தியைப் பொறுத்தவரை மிகையானது, இரண்டே வினாடி போதும் என்று காட்டியது. நானோ இரண்டு வினாடியை ஏற்கமாட்டேன். ஏனெனில் மின்கணக்கோடு தேய்மானக் கணக்கும் இருக்கிறது, அது நாளைக்கு 27 என்று கட்டுப்படுத்துகிறது. இரண்டையும் ஒருங்கே வைத்துப் பார்ப்பவன்தான் முடிவுசெய்ய உரியவன்: இன்றைக்கு இதுவரை இருபது முறை கிளப்பியாயிற்று, இனிக் காத்திருக்கும் நேரத்தை நீட்டுவோம் என்றோ, இன்று ஒருமுறையும் நிற்கவில்லை, சீக்கிரமே நிறுத்தலாம் என்றோ தீர்மானிக்கவேண்டியவன். எண்ணிக்கை வைத்துக்கொள்ளவும், பக்கங்களின் நிலையை விசாரிக்கவும், பேட்டரியைக் கேட்டறியவும் இயலுவது இயக்க முறைமைக்கு மட்டும்தான். விண்டோஸ் ஓரளவு இந்த வழியிலேதான் செல்கிறது. வட்டு சும்மா இருப்பதை டிரைவரின் வாயிலாகத் தானே எண்ணிக்கொண்டு வந்து, சுவர் மின்சாரத்தில் ஓடும்போது 20 நிமிஷம் கழிந்ததும் நிறுத்தச் சொல்வது அதன் வழக்கமான ஏற்பாடு. 20 என்பது மொட்டையான எண்தான். ஆனால் அந்த எண்ணை வைத்திருப்பது உரிய கையில்.

கண்காணிப்பு நிரல்கள் செய்யும் கெடுதலையும் இங்கே சொல்லாமல் விடக்கூடாது. வட்டின் ஆரோக்கியத்தை அரை மணிக்கொரு முறை சோதிக்கும் நிரல் ஒன்று பல லினக்ஸ் சர்வர்களில் ஓடுகிறது. வட்டு ஸ்டாண்ட்பை நிலையில் இருந்தால் விட்டுவிடு என்று அதற்குச் சொல்லிவைக்காவிட்டால், நின்றிருக்கும் வட்டைச் சோதனைக்காகவே சுழலவைக்கக்கூடும். அரை மணிக்கொன்று என்றால் நாளைக்கு 48. தேய்மான எல்லையான 27-ஐ ஆரோக்கியப் பரிசோதனையே தாண்டிவிடுகிறது! இத்தனைக்கும், வட்டை எழுப்பாமல் அதன் நிலையை மட்டும் கேட்டறிய ஏ.டி.ஏ.வில் தனிக் கட்டளையே இருக்கிறது.

இனி, நிறுத்துவது என்பதை விசையை அணைப்பதாக எண்ணிக்கொண்டிருக்கும் பிரமையைப் பற்றி. அது ஒற்றைச் செயலன்று; வரிசை பிசகாமல் நடக்கவேண்டிய ஒரு கிரமம். மேலிருந்து வரும் புதிய கட்டளைகளை நிறுத்திவைத்து, ஏற்கெனவே போயிருப்பவை முடியும்வரை காத்திருந்து, வட்டு தன் கேஷில் வைத்திருப்பதைத் தட்டில் எழுதும்படி சொல்லி, அது முடிந்தது என்று பதில் வந்த பிறகே நிற்கச் சொல்லவேண்டும். கேஷைக் காலிசெய்ய 30 வினாடிக்கு மேலும் ஆகலாம் என்று தரநிலை ஆவணமே எச்சரிக்கிறது. பொறுமையில்லாத டிரைவர் இங்கேயே தவறிவிடும். லினக்ஸ் கணினியை மூடும்போது திரையில் கடைசியாக ஓடும் வரிகளைக் கவனித்தால், “சிங்க்ரனைசிங் ஸ்கஸி கேஷ்” என்று ஒன்றும், “ஸ்டாப்பிங் டிஸ்க்” என்று அடுத்ததும் தெரியும். அமைதியான அறையில் பெட்டியருகே காதை வைத்தால் அதையே ஒலியாகவும் கேட்கலாம்: முதலில் ஹெட் இங்குமங்கும் ஓடி எழுதும் கரகரப்பு, பிறகு அது ராம்பில் ஏறும் மெல்லிய சொடுக்கு, பிறகு சுருதி இறங்கி இறங்கித் தேய்ந்துபோகும் மோட்டாரின் ரீங்காரம், அதற்கும் பின்னால்தான் விசிறிகள் நின்று மின்சாரம் போகும்.

இந்தக் கிரமம் இல்லாத காலமும் இருந்தது; நிறுத்தாதே என்பார் அதை நினைத்துப்பார்க்க வேண்டும். 2007 வரையில், லினக்ஸின் சாட்டா டிரைவர் தொகுதி, கணினி மூடும்போது வட்டை நிறுத்தும் பொறுப்பைத் தானாக ஏற்கவில்லை. கணினியை மூடும் பயனர் நிரலும் அதைச் செய்யாத இடங்களில், முழு வேகத்தில் சுழலும் வட்டிலிருந்து மின்சாரம் பட்டென்று வெட்டப்படும். அப்போது வட்டு, சுழலும் மோட்டாரையே ஜெனரேட்டராக்கி, அதில் பிறக்கும் சிறிதளவு மின்சாரத்தைக் கொண்டு ஹெட்டை அவசரமாக ராம்புக்கு இழுத்துக்கொள்ளும். ‘டக்’ என்று கேட்பது அந்த ஓசைதான். இந்த அவசர இழுப்பை வட்டு எத்தனை முறை தாங்கும்? ஒரு பிரபல மடிக்கணினி வட்டு வரிசையின் குறிப்பேட்டில் நிதானமான ஏற்ற இறக்கத்துக்கு 6,00,000 என்றும், அவசர இழுப்புக்கு 20,000 என்றும் போட்டிருந்தது. முப்பது மடங்கு வித்தியாசம்! டிரைவர் தலையிடாமல் இருந்தால் வட்டு பிழைக்கும் என்னும் கொள்கைக்கு இதைவிடக் கடுமையான மறுப்பு வேண்டியதில்லை. இயக்க முறைமை கைகட்டி நின்ற அந்த நாட்களில்தான், ஒவ்வொரு இரவும் வட்டு மிகக் கொடிய முறையில் நிறுத்தப்பட்டுக்கொண்டிருந்தது.

பொறுப்பைக் கர்னல் ஏற்றுக்கொண்ட பிறகும் சிறிது காலம் குழப்பம் நீடித்தது; ஆனால் அந்தக் குழப்பம் என் வாதத்துக்கே சாட்சி. கணினியை மூடும் பழைய பயனர் நிரல், தன் பழக்கப்படி தானும் வட்டை நிறுத்திவிடும். பிறகு கர்னல் வந்து முறைப்படி கேஷைக் காலிசெய்யச் சொல்லும். கேஷில் ஒன்றும் இல்லாதபோதும், சில வட்டுகள் அந்தக் கட்டளையைக் கண்டதுமே மறுபடி சுழலத் தொடங்கிவிடும்; உடனே மீண்டும் நில் என்ற கட்டளை வரும். மூடும் நேரத்தில் வட்டு நின்று, கிளம்பி, மறுபடி நிற்கும் விநோதத்தை அந்நாளில் பலர் கேட்டிருப்பார்கள். வட்டு சரியாக நிறுத்தப்படாமல் இருக்கலாம், மூடும் நிரலைப் புதுப்பியுங்கள் என்று பெரிய எழுத்தில் கர்னல் எச்சரிக்கை அச்சிட்டதும் அப்போதுதான். இவ்விருவரும் போதாதென்று, சில கணினிகளின் பயாஸும் கடைசி நேரத்தில் தன் பங்குக்கு வட்டை நிறுத்தப் புறப்படும். அத்தகைய பயாஸ்களைக் கோமாளிகள் என்று டிரைவரின் மூலநிரல் குறிப்பிலேயே ஒருவர் எழுதிவைத்திருக்கிறார். கோபத்தில் எழுதிய சொல்தான். அநியாயமானது என்று சொல்லமாட்டேன். மூன்று பேர் ஒரே வட்டை நிறுத்தினால் வட்டு தேயத்தான் செய்யும். பரிகாரம், ஒருவரும் நிறுத்தாமல் இருப்பதா, உரிய ஒருவர் மட்டும் நிறுத்துவதா?

எழுப்புவதும் அதே அளவு நுட்பமானது. ஏ.டி.ஏ. வட்டுக்குக் கிளம்பு என்று சொல்லத் தனிக் கட்டளையே கிடையாது. ஸ்கஸி என்னும் மற்றொரு கட்டளைத் தொகுதியில் தொடங்கு என்னும் கட்டளை உண்டு; மேலடுக்கு அதை அனுப்பினால், கீழே லினக்ஸின் டிரைவர் அதை ஒரு செக்டாரைச் சரிபார்த்துச் சொல் என்னும் கட்டளையாக மாற்றிவிடும். தரவு ஒரு பைட்டும் திரும்பி வராது. ஆனால் சரிபார்ப்பதற்காகவேனும் வட்டு சுழன்றுதான் ஆகவேண்டும். யுக்தி எனக்குப் பிடித்திருக்கிறது. ஸ்லீப் என்னும் ஆழ்ந்த நிலைக்குப் போன வட்டோ இதற்கும் அசையாது. ரீசெட் கொடுத்தால்தான் எழும். டிரைவருக்குத் தெரியாமல் ஏதேனும் ஒரு பயனர் நிரல் வட்டை ஸ்லீப்புக்கு அனுப்பிவிட்டால், பின்னால் வரும் கட்டளைகள் ஒவ்வொன்றும் நேரம் கடந்து தோற்கும். ஆகவே அப்படிப் போகும் கட்டளையை வழியிலேயே கவனித்து, இந்த வட்டு உறங்குகிறது என்று குறித்துவைத்துக்கொள்ளும் வேலையும் டிரைவரைச் சேர்ந்ததாயிற்று. விண்டோஸில் இன்னொரு கண்ணி. நினைவகத்தில் இடம் போதாதபோது நிரலின் சில பக்கங்களை வட்டுக்கு அனுப்பிவைக்கும் ஏற்பாடு அங்கே உண்டு. வட்டை எழுப்பும் நிரல்துண்டே அப்படி வட்டுக்கு அனுப்பப்பட்டுவிட்டால், அதைத் திரும்பப் படிக்க வட்டு எழவேண்டும், வட்டு எழ அது படிக்கப்படவேண்டும். கணினி அந்த இடத்திலேயே ஸ்தம்பித்துவிடும். ஆகையால் அந்தப் பாதையில் உள்ள நிரல் முழுவதும் நினைவகத்தைவிட்டு அகலாதபடி எழுதப்பட்டாக வேண்டும். இவற்றில் ஒன்றைத் தவறவிட்ட டிரைவரால் கணினி எழாமல் போனபோதெல்லாம், பழி வட்டை நிறுத்தும் பழக்கத்தின் தலையில்தான் விழுந்தது.

எதிர்க்கட்சியின் பக்கம் நியாயம் இருக்கும் இடம் ஒன்று உண்டு. ஓயாமல் கேள்வி வந்துகொண்டிருக்கும் தரவுத்தள சர்வரில் வட்டுக்கு 50 வினாடி ஓய்வே கிடைக்காது. அங்கே நிறுத்தும் பேச்சே வீண். பல வட்டுகளைச் சேர்த்துக் கட்டிய ரெய்டு வரிசையில், உறங்கும் வட்டு எழ 10 வினாடி எடுக்க, அதைப் பொறுக்காத கட்டுப்பாட்டுக் கருவி வட்டு செத்துவிட்டது என்று வரிசையிலிருந்து தள்ளிவிடுவதும் நடக்கக்கூடியதே. எல்லா வட்டுகளும் ஒரே கணத்தில் கிளம்பினால் 24 வட்டுக்கு 576 வாட் என்று மின்வழங்கி திணறும். அதற்காகத்தான் ஒன்றன்பின் ஒன்றாகக் கிளப்பும் ஏற்பாடு வந்தது. இவ்வளவையும் ஒப்புக்கொண்ட பிறகும், தரவு மிகப் பெரிதாகக் குவிந்துள்ள இடங்களில் நடந்தது என்ன என்று பார்த்தால் உபதேசத்துக்கு நேர்மாறாக இருக்கிறது. 2002-இல் கொலராடோ பல்கலைக்கழகத்தில் கோலரெல்லி, க்ரன்வால்ட் இருவரும் சும்மா நிற்கும் வட்டுகளின் பெருங்கூட்டம் என்ற கருத்தை முன்வைத்தார்கள். கோப்பான் என்னும் நிறுவனம் அதன்படி, நான்கில் ஒரு பங்கு வட்டுகள் மட்டுமே ஒரு நேரத்தில் சுழலும் பெட்டிகளை விற்றது. 2013-இல் ஃபேஸ்புக் நிறுவனம், அரிதாகப் பார்க்கப்படும் பழைய புகைப்படங்களுக்கென்று கட்டிய கிடங்கில், ஒரு தட்டில் அடுக்கிய வட்டுகளில் ஒரு நேரத்தில் ஒன்றுக்கு மட்டுமே மின்சாரம் தந்தது. 2014-இல் மைக்ரோசாஃப்ட் ஆராய்ச்சியாளர்கள் விவரித்த பெலிகன் என்னும் அடுக்கில் 1,152 வட்டுகள். அவற்றுள் 8 சதவீதமே ஒருசேரச் சுழலலாம், மற்றவற்றுக்கு மின்சாரமும் குளிர்காற்றும்கூட அங்கே போதாது. எந்த வட்டு எப்போது எழவேண்டும் என்பதை முன்கூட்டியே திட்டமிட்டுக் கோரிக்கைகளை வரிசை மாற்றி அனுப்புவது முழுக்க முழுக்க மென்பொருள். வட்டுக்குள் இருக்கும் டைமரின் தயவை அங்கே யாரும் நாடவில்லை.

மடிக்கணினிக்கு லினக்ஸ் கண்ட உபாயமும் இதே வகையைச் சேர்ந்தது. லேப்டாப் மோட் என்ற அந்த ஏற்பாட்டில், வேறு ஏதோ காரணத்தால் வட்டு ஒருமுறை எழுந்துவிட்டால், காத்திருக்கும் எல்லாப் பக்கங்களையும் கர்னல் அப்போதே எழுதித் தீர்த்துவிடும். பிறகு பல நிமிஷம் வட்டைத் தொந்தரவு செய்யாது. வட்டு எழும் எண்ணிக்கை சரிந்துவிடுகிறது. அதற்கு விலையும் உண்டு: இடையில் கணினி விழுந்தால் அந்த நிமிஷங்களில் எழுதிய வேலை போய்விடும். அந்த விலை கொடுக்கத் தக்கதா என்பதை, ரயிலில் கட்டுரை தட்டச்சு செய்பவரும் கடையில் கணக்கு எழுதுபவரும் ஒரேவிதமாகத் தீர்மானிக்கமாட்டார்கள். ஆகவேதான் அது இயல்பாகவே திறந்துவைக்கப்படாமல், வேண்டுவோர் திறந்துகொள்ளும் வசதியாக இருக்கிறது. அதில் எனக்கு மாறுபாடு இல்லை.

சுழலும் வட்டின் காலமே முடிகிறது, இனி இந்த ஆராய்ச்சி எதற்கு என்பார் சிலர். மடிக்கணினியைப் பொறுத்தவரை முடிந்துவிட்டது உண்மை, கிடங்குகளில் முடியவில்லை. தவிர, சுழலாத எஸ்.எஸ்.டி.க்கும் மின்நிலைகள் உண்டு. அதன் ஆழ்ந்த நிலையிலிருந்து எழத் தவறும் சில மாதிரிகளுக்காகக் கர்னலில் தனி விதிவிலக்குப் பட்டியலே வைத்திருக்கிறார்கள். சுழலும் வட்டின் டிரைவரிலும் வேலை ஓயவில்லை. கணினி உறக்கத்திலிருந்து எழும்போது, மேலடுக்கு வட்டைக் கிளப்ப முந்துவதும் கீழடுக்கு போர்ட்டை மீட்டுக்கொண்டிருப்பதும் ஒன்றையொன்று எதிர்பார்த்துச் சிக்கிக்கொள்ளும் தொல்லை வந்தபோது, 2023-இல் லினக்ஸ் கர்னலில் அதுவரை ஒரே விசையாக இருந்த நிறுத்தித் தொடங்கும் அதிகாரத்தை மூன்றாகப் பிரித்தார்கள்: கணினி முழுவதும் உறங்கும்போது நிறுத்துவது ஒன்று, ஓடிக்கொண்டிருக்கையில் வட்டு மட்டும் சும்மா இருப்பதால் நிறுத்துவது ஒன்று, கணினியை மூடும்போது நிறுத்துவது ஒன்று. சாட்டா வட்டுகளுக்கு உறக்கத்தின்போது நிறுத்தும் பொறுப்பை, போர்ட்டின் நிலையை நேரில் அறிந்த கீழடுக்கிடமே கொடுத்துவிட்டார்கள். இந்த மூன்று சந்தர்ப்பங்களில் எது இப்போது வந்திருக்கிறது என்பதை, எட்டு வினாடி எண்ணிவிட்டு ஹெட்டை ஒதுக்கும் ஃபர்ம்வேர் எப்படி அறியும் என்று நிறுத்தாதே என்பவர்கள்தான் சொல்லவேண்டும்.